அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவதற்கு முன்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். உன்னோடு கல்லூரியில் படித்தவன் 2013-ல் வகுப்புத் தோழி ஒருத்தியின் நிறத்தைக் கேலி செய்து போட்ட ட்வீட். கீழே கூடச் சேர்ந்து சிரித்தவர்களின் பதில்களும் அப்படியே இருக்கின்றன. படிக்கவே கூசுகிறது. இப்போது அவனுக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, கம்பெனியை டேக் செய்து போட்டால் ஒரே நாளில் ஆள் காலி என்கிறாய். உன்னைப் போல் இன்னும் பலரின் போனில் இப்படி ஒன்று இருக்கும் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நீ கிரிக்கெட் பைத்தியம். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆலி ராபின்சனை மறந்திருக்க மாட்டாய். 2021 ஜூன் 2, லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிராக அவருடைய முதல் டெஸ்ட். ஆட்டம் தொடங்கும் முன் இங்கிலாந்து வீரர்கள் இனவெறியைக் கண்டிக்கும் டி-ஷர்ட் போட்டு வரிசையாக நின்றார்கள். அவரும் நின்றார். அன்றைக்கே, பதினெட்டு இருபது வயதில் அவர் எழுதிய இனவெறி ட்வீட்டுகளும் பெண்களை இழிவுபடுத்தும் ட்வீட்டுகளும் வெளியே வந்துவிட்டன. அன்றைய ஆட்டம் முடிந்த கையோடு கேமரா முன் மன்னிப்புக் கேட்டார். அந்த டெஸ்ட்டில் ஏழு விக்கெட், 42 ரன். ஆனால் டெஸ்ட் முடிந்ததும் சஸ்பெண்ட்.

அப்புறம் கிரிக்கெட் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முறையாக விசாரித்தது. எட்டு ஆட்டங்களுக்குத் தடை. அதில் ஐந்தை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தார்கள், மூன்று ஏற்கெனவே கழிந்திருந்தது. 3,200 பவுண்டு அபராதம். ஆகஸ்டில் டிரெண்ட் பிரிட்ஜில் நம் அணிக்கு எதிராகவே இறங்கி முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். இந்தத் தண்டனை போதாது என்று நீ சொல்லலாம். எனக்கு அதன் முறை பிடித்திருந்தது. அவர் தரப்பைக் கேட்டார்கள். தண்டனைக்கு ஓர் அளவு இருந்தது, முடியும் நாளும் இருந்தது. ஊர் கூடி அடிக்கும்போது இது எதுவும் கிடையாது. முதலில் அடித்தவன் போதும் என்று நகர்ந்தாலும், பின்னால் வருபவன் புதிதாக ஆரம்பிப்பான்.

அதற்காக எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கிரிக்கெட் வீரர் அசீம் ரஃபீக் வாயைத் திறந்ததால்தான், அவர் ஆடிய யார்க்‌ஷயர் கிளப்பில் நடந்த இனவெறிக் கொடுமை ஊருக்குத் தெரிந்தது. 2021 நவம்பர் 16 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் கண்கலங்கிச் சாட்சி சொன்னார். இரண்டே நாளில், 2011-ல் யூதர்களை இழிவாகப் பேசி அவரே அனுப்பிய செய்திகள் வெளிவந்தன. அவர் மழுப்பவில்லை. நான் எழுதியதுதான், வெட்கப்படுகிறேன் என்று அன்றே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிரிட்டிஷ் யூதர்களின் பிரதிநிதிகள் வாரியத்தின் தலைவர் அதை ஏற்றுக்கொண்டார். ரஃபீக்குக்கு நடந்த கொடுமையும் பொய்யாகிவிடவில்லை, அவர் எழுதியதும் சரியாகிவிடவில்லை.

மன்னித்தது யார் என்று பார், தம்பி. அந்தச் சொற்கள் யாரைக் குத்தினவோ அவர்கள் சார்பில் பேசியவர். வேடிக்கை பார்த்த நமக்கு மன்னிக்கவும் உரிமை இல்லை, மன்னிக்க மாட்டோம் என்று அடம்பிடிக்கவும் உரிமை இல்லை.

உன் ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பெண்ணின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. நீ போட்டால் அவனோடு சேர்ந்து அவளும் ஊர் வாயில் விழுவாள். பல வருடத்துக்கு முந்தைய அந்தக் கேலியை இந்த முறை ஆயிரம் பேர் படிப்பார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன் மெசேஜில் அதைப் பற்றி ஒன்றுமே இல்லை.

அவன் இன்றும் அப்படித்தான் நடந்துகொள்கிறானா என்பதும் உனக்குத் தெரியாது. வேலை செய்யும் இடத்தில் பெண்களை அப்படி நடத்துகிறான் என்றால் அது வேறு கதை, அதற்கு நானே உன்னோடு வந்து நிற்பேன்.

முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு. போடு என்று அவள் சொன்னால் போடு, நான் குறுக்கே வர மாட்டேன். வேண்டாம் என்றால், அவள் போனை வைத்ததும் அதை அழித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்