கடலோரக் குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், மகளிர் குழுவினருக்கும், சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவை பற்றி மாதக் கூட்டங்களில் போதுமான அளவு பேசிவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆழிப்பேரலையின் 20ஆம் நினைவு நாளையொட்டிக் கூடிய நிர்வாகக் குழு, சுனாமி எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக எங்கே போவது என்பதை நடந்தே பார்த்து முடிவு செய்வதென்று தீர்மானித்தது. இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஏறத்தாழ 6.30 மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. அலை நாகப்பட்டினக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும், நமக்குச் சொல்ல ஓர் அமைப்பு இல்லாததால் நாகை மாவட்டம் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் இயங்கும் முன்னெச்சரிக்கை மையம், பெரிய கடலடி நிலநடுக்கம் நிகழ்ந்த சுமார் 10 நிமிடங்களில் முதல் அறிவிப்பை வெளியிடுகிறது. செய்தி ஊருக்குள் வரும் வழி இன்று ஓரளவு சீராகிவிட்டது. ஊரை விட்டு நாம் வெளியேறும் வழிதான் இன்னும் சீராகவில்லை.

தெருவாரியாக நடந்து பார்த்தபோது அது கண்கூடாகத் தெரிந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் பேருந்துச் சாலைக்குப் போய்விடலாம் என்றே சொன்னார்கள். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒதுங்க இடமில்லாத அந்தப் பாலத்தில் ஊரே ஒரே நேரத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதை யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அதைவிட முக்கியமானது, காவிரிக் கழிமுகத்தில் ஆறுகளும் வடிகால்களும் கடலை நோக்கித் திறந்தே கிடக்கின்றன என்பது. முகத்துவாரம் வழியாக ஏறும் நீர், மணல்மேட்டைத் தாண்டி வரும் அலைக்கு முன்பே ஊருக்குப் பின்புறம் வந்து நிற்கக்கூடும். கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினால் போதும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் விலக்கி ஓடவேண்டும் என்பதைக் குழந்தைகள் முதல் எல்லோரும் மனத்தில் கொள்ளவேண்டும்.

மேடான இடத்துக்குப் போகச் சொல்வது பொதுவான அறிவுரை; மலையோ குன்றோ இல்லாத நமக்கு மாடிதான் மேடு. ஆகவே பாலத்துக்கு இப்புறம் உள்ள தெருக்களுக்கு உறுதியான கான்கிரீட் கட்டடங்களின் மேல்தளங்களையும், அப்புறம் உள்ளவர்களுக்கு நடந்தே போகும் உள்நாட்டு வழியையும் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ஓட்டு வீட்டின் பரண் இதற்கு உதவாது. வண்டி எடுப்பதில்லை என்பதை இளைஞர்கள் முணுமுணுப்போடுதான் ஏற்றுக்கொண்டார்கள்.

முழு எச்சரிக்கை என்றால் வெளியேறவேண்டும். அதற்கு அடுத்த நிலையில் கடற்கரையையும் முகத்துவாரத்தையும் விட்டு விலகவேண்டும். கண்காணிப்பு நிலையில் அடுத்த செய்திக்குக் காத்திருந்தால் போதும். தொலைவில் அதிர்ந்தால் நம் கரையில் நடுக்கம் உணரப்படாமலும் போகலாம். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் அறிவிப்புக்குக் காத்திராமல் கிளம்பவேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பி வருவது ஆபத்து. அடுத்தடுத்த அலைகள் பல மணி நேரம் தொடரும், பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம்.

வலையையும் இன்ஜினையும் எடுக்கக் கரைக்குத் திரும்புவது குறித்துக் கூட்டத்தில் சூடான வாக்குவாதம் நடந்தது. கடன் வாங்கிச் சேர்த்த பொருளை விட்டுப் போகச் சொல்வது எளிதல்ல என்பதை நிர்வாகக் குழு உணர்ந்தே, ஆள் திரும்புவதில்லை என்ற முடிவை ஊர்க் கட்டுப்பாடாக அறிவிக்கும்படி பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொண்டது; அவர்களும் இசைந்தார்கள். ஆழ்கடலில் இருக்கும் படகுகள் கரைக்கு விரையாமல், அனுமதி வரும்வரை ஆழமான நீரிலேயே நிற்கவேண்டும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் அதிர்ந்தபோது நம்மவர்கள் வெளியேறினார்கள், பெரிய அலை வரவில்லை. கடல்தளம் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே அதற்குக் காரணம். அன்று ஓடியதை இன்றும் சிலர் கேலி பேசுகிறார்கள். அவர்களையும் அடுத்த ஒத்திகைக்கு அழைத்திருக்கிறோம்.

நடக்க இயலாத முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஆகியோரின் பட்டியலை மகளிர் குழு வீடு வீடாகச் சென்று எழுதியது. ஒவ்வொருவருக்கும் இரண்டு துணையாட்களை ஒதுக்கியுள்ளோம். இந்த ஆண்டின் உருப்படியான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். குடும்ப அட்டை, ஆதார், மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே நெகிழிப் பையில் வாசலருகே மாட்டி வைக்கவும். ஐயம் எழுந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம். வீடு திரும்புவது மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிறகே.

பாலத்தை அகலப்படுத்தக் கோரிய மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. இரவு ஒத்திகை நடத்த இயலாமல் போனது என் பொறுப்பில் நேர்ந்த குறை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கைவிளக்கோடு அதை நடத்த இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்