நாடகக் குழுவின் வண்டிக்கூலி

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மலையகத்தில் மேடை நாடகம் அருகி வருவதற்கு இளைஞரின் ஆர்வக்குறைவே காரணம் என்று பலர் எழுதி வருகின்றனர். ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகளைக் கொண்டு இயங்கும், இலாப நோக்கற்ற சிறு குழுவொன்றில் பொருளாளராகப் பல ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். எங்களை முடக்குவது வண்டிக்கூலி.

உடைக்கும் மேடைக்கும் பழைய சேலையும் சாக்கும் மூங்கிலும் போதும். ஆனால் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து, வீட்டு வேலையும் முடித்துப் பெண்கள் ஒத்திகைக்கு வந்து சேரவே ஆறு மணியாகிவிடும். ஒத்திகை முடியும் நேரத்தில் மேற்தோட்டங்களுக்குப் பேருந்து இராது. இருட்டில் தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் அவர்களை நடந்து போகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒவ்வொருவரையும் அவரவர் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் இறக்கிவிட வேன் பிடிக்கிறோம். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவானபோது ஒத்திகையையே நிறுத்தினோம். பின்னர் எண்ணெய் விலை இறங்கியும் வேன் கூலி பழைய நிலைக்கு வரவில்லை. அப்போது விலகிய இரு நடிகையரும் திரும்பவில்லை.

இச்செலவை நுழைவுச்சீட்டில் ஏற்றவும் வழியில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும்தான் உயர்ந்தது. நான்கு பேர் கொண்ட குடும்பம் அதிலிருந்து நாடகத்துக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்?

உதவி நிறுவனங்கள் மதுஒழிப்பு, டெங்கு என்று தலைப்புக் கொடுத்து, பதாகைக்கும் சிற்றுண்டிக்கும் புகைப்படத்துக்கும் பணம் தருகின்றன. அத்தலைப்புகளை நான் குறை கூறவில்லை. ஒத்திகை நாட்களின் போக்குவரத்துக்கு அந்த மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை என்பதே என் மனக்குறை.

மன்மதன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்கு வீட்டுக்கு வீடு பணம் தண்டி ஆடிய நம் முன்னோருக்கு இந்தச் செலவு இருக்கவில்லை. ஆடியவர்களும் பார்த்தவர்களும் அதே லயத்தார். ஆடுகளமும் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. பல தோட்டத்துப் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும் இன்றைய குழுவுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே உதவி நிறுவனங்கள் தம் நிதியில் ஒரு பங்கைப் போக்குவரத்துக்கென ஒதுக்க வேண்டும். உள்ளூராட்சி மன்றங்கள் மண்டப வாடகையை முற்பணமாகக் கேளாமல், நாடகம் முடிந்தபின் வசூலிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் பங்குக்கு, வரவு செலவுக் கணக்கை மண்டப வாசலில் ஒட்டத் தொடங்கியுள்ளோம். சென்ற முறை அதை நின்று வாசித்த வேன்காரர் ஒருவர், ஒத்திகை நாட்களில் பாதிக் கூலியே போதும் என்று கூறிச் சென்றார்.

இப்படிக்கு,
நாடகக் குழுவொன்றின் பொருளாளர்,
ஹட்டன்.