பிறந்தநாள் பிரியாணி

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். போன வாரம் பார்த்தபோது அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவில் அசன விருந்து முடிந்தது, அதனால் மறுபடி ஏறியிருக்கும். கேட்டால் ஒரு கரண்டிதான் சாப்பிட்டேன் என்கிறார்.

மேலத்தெரு டீச்சர் மகன் லண்டனுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கருப்பட்டியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் கோபம் வந்துவிடும். எழுதினால் இரண்டு பேருக்கும் நல்லது.

உன் முப்பதாவது பிறந்தநாளுக்குக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய், அந்த ஹோம் பிள்ளைகளுக்குப் பிரியாணி போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். பணமும் வந்துவிட்டது. மகளே, நான் போகவில்லை. பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது. நீ கேட்டபோதெல்லாம் "சபைப் போதகர் ஐயர் ஊரில் இல்லை", "மழை" என்று சாக்குச் சொன்னேன். மன்னித்துக்கொள். உண்மைக் காரணம் வேறு.

நீ ஏழாவது படிக்கும்போது நம் தெருக் கடைசி வீட்டில் பீடி சுற்றுகிற ஒரு அம்மா இருந்தாள், நினைவிருக்கிறதா? பனையேறப் போன புருஷன் விழுந்து இறந்துபோனான். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள்தான் பேசி, வேறு மாவட்டத்தில் ஒரு ஹோமில் மூத்தவளைச் சேர்த்துவிட்டோம். பஸ் ஏற்றப் போனவளும் நான்தான். அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியை விடவே இல்லை. தாய் கீழே நின்றபடி சிரித்துக்கொண்டே கை காட்டினாள். பஸ் திரும்பியதும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளை வந்தது. நல்ல சட்டை, தலையில் ரிப்பன், ஆங்கிலத்தில் வசனம். நான் பெருமையாகத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் அவள் அம்மா சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அக்கா, எம்பிள்ள எங்கிட்ட கேட்டுக்கிட்டுத் தண்ணி குடிக்கி."

எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. அப்புறம் நானே பார்த்தேன். தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்கும், உட்காரு என்று சொல்லும்வரை உட்காராது. குளிக்கப் போகலாமா, தூங்கலாமா, எல்லாவற்றுக்கும் கேள்வி. சொந்த வீட்டில் விருந்தாளியாகிவிட்டது. அடுத்த வருஷம் அந்த ஹோமின் நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தது. அதில் அந்தப் பிள்ளையின் படம், கீழே "தாய் தகப்பனற்றவள்" என்று போட்டிருந்தது. தாய்க்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்தாள். ஒன்றும் சொல்லவில்லை, நோட்டீஸை நாலாக மடித்து பீடி இலைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அந்த ஹோம் பெயரை எழுதமாட்டேன், அதைத் திட்ட இதை எழுதவில்லை. தப்பு என் மேலும் இருக்கிறது. அந்தத் தாய்க்கு மாதாமாதம் கொஞ்சம் அரிசியும் பள்ளிக்கூடச் செலவும் கொடுத்திருந்தால் போதும். கைப்பிடி அரிசி சேர்க்கிற சங்கம் நாங்கள், எங்களுக்கு அது தோன்றவில்லை! உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு, கோவிலுக்குக் கொண்டுபோய், ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் மைக் செட் வாங்கினோம்.

யாக்கோபு நிருபம் முதல் அதிகாரம், இருபத்தேழாம் வசனம் உனக்கு மனப்பாடம். ஓய்வுநாள் பள்ளியில் அதற்குப் பென்சில் டப்பா பரிசு வாங்கினாய். "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்..." இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று இப்போதுதான் பட்டது. அந்த வசனத்தில் பிள்ளையும் விதவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். நாங்கள்தான் பிள்ளையை ஒரு பஸ்ஸிலும் விதவையை ஒரு சுளகிலுமாகப் பிரித்துவைத்தோம். அப்புறம் அந்த "விசாரிக்கிறது" என்ற வார்த்தை. நம் ஊரில் ஒருவரை விசாரிப்பது என்றால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும்.

ஹோமே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. போன தை மாதம் சங்கத்தில் வேன் பிடித்து டோனாவூர் போனோம். அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையிடம் 1901-ல் ஓடிவந்த ஏழு வயதுப் பிள்ளையின் கதை உனக்குத் தெரியும். தேவதாசியாக விடப்பட இருந்தவள். முதலில் தப்பித் தூத்துக்குடியிலிருந்த பெற்ற தாயிடம்தான் ஓடினாள். தாயே பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். கையில் சூடு போட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு வேறு வாசல் இல்லை, அதனால் இந்த வாசல் வேண்டியிருந்தது. அப்படிப் பொட்டுக்கட்டுவதைத் தடுத்து மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்ததே 1947-ல்தான்.

அங்கே பிள்ளைகளை வளர்த்த நம் பெண்களை அக்காள் என்றும், வெள்ளைக்காரப் பெண்களை சித்தி என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். வார்டன், மேட்ரன் இல்லை. பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது என்பதால், அங்கு வந்து சேர்ந்த நாளையே கொண்டாடியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கென்று ஒரு நாள், அதன் பெயரில். நாம் பிரியாணியோடு கொண்டுபோகிற கேக் மேல் யார் பெயர் இருக்கும்? உன் பெயர். முன்பின் தெரியாத பிள்ளைகள் வரிசையில் நின்று உனக்கு வாழ்த்துப் பாட வேண்டும். அதை நினைத்துத்தான் எனக்குக் கால் எழவில்லை.

அம்மை 1951-ல் இறந்தார்கள். கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் வைத்து "அம்மை" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் சங்கத்துத் தலைவி அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தாள். சரி, அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கீழத்தெருவில் ஒரு பாட்டியம்மா. மகள் இறந்துவிட்டாள், மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டான். பேரன் மூன்றாவது, பேத்தி ஒன்றாவது. பெயர் எழுதவில்லை, நீ வரும்போது பார்த்துக்கொள். அசனத்தன்று பந்தி முடிந்து எல்லோரும் வாளியில் சோறு வாங்குகிற நேரம், அந்தப் பையன் ஒரு தூக்குச்சட்டியோடு வந்து, "ரெண்டு பேருக்குப் போதும், பாட்டி ராத்திரி சாப்பிட மாட்டாங்க" என்றான். பாட்டி ஏன் சாப்பிடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

சங்கத்தில் உடனே "ஹோமில் சேர்த்துவிடுவோம்" என்று பேச்சு வந்தது. இந்தத் தடவை நான் எழுந்து நின்றேன். புது ஐயரும் என் பக்கம். 2015-ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டப்படி ஹோம் என்பது கடைசி வழிதான் என்றும், குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரியாமல் நாமாக யாரையும் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடாது என்றும் எடுத்துச் சொன்னார். (இதே ஐயர்தான், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நாட்களில் எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக்கூடாது என்றும், சந்தேகம் வந்தால் மூடி மறைக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிக்க வேண்டும் என்றும் கோவில் சுவரில் எழுதி ஒட்டியவர். "நம்ம சபையிலயா அப்படி?" என்று பெரியவர்கள் முகத்தைத் தூக்கினார்கள். தூக்கட்டும்.)

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படி உறவினர் வளர்க்கிற பிள்ளைகளுக்கு, கிராமமானால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்கும்பட்சத்தில், மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நானும் பாட்டியும் திருநெல்வேலிக்குப் போய் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்தோம். இறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒரு எழுத்து தப்பு. அதைத் திருத்த இரண்டு நடை. வருமானச் சான்றிதழுக்கு ஒரு நடை. பாட்டிக்கு பஸ்ஸில் வாந்தி. மனு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் பணத்தை இதற்கு எடுக்கட்டுமா? உதவித்தொகை வரும்வரை மாதச் செலவு, பின்பக்கச் சுவர் ஒழுகுவதற்கு ஒரு கொத்தனார் கூலி. கைப்பிடி அரிசி இனி நேராக அந்த வீட்டுக்குப் போகும். சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் மைக் செட்டையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். போட்டோ ஒன்றும் அனுப்பமாட்டேன், கேட்காதே. வேண்டுமானால் ஞாயிறு சாயங்காலம் என் போனில் கூப்பிடு, பையனிடம் கொடுக்கிறேன். அங்கே பனி விழுந்தால் பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நீதான் பதில் சொல்ல வேண்டும். பேத்தி பேசாது, மூச்சு மட்டும் கேட்கும். அதற்காக வைத்துவிடாதே.

அந்த பீடி சுற்றுகிற அம்மா இப்போது சின்ன மகளோடு சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறாள். மூத்தவள் சென்னையில் வேலை செய்கிறாள், வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். போன வருஷம் நான் பார்க்கப் போயிருந்தேன். காபி கொடுத்தாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கருப்பட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கசிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பையனுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிவா. காலளவைப் பேப்பரில் வரைந்து இதற்குள் வைத்திருக்கிறேன். கூச்சத்தில் விரலை ஆட்டிவிட்டான், பெருவிரல் பக்கம் கோடு வளைந்திருக்கும். அதைக் கணக்கில் எடுக்காதே, அரை அங்குலம் கூட்டியே வாங்கு. வளர்கிற பிள்ளை.

அன்புடன்,
அம்மா