பெட்டி வாங்குமுன் இரண்டாவது டிஸ்க் வாங்கு

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மற்ற சங்கதிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ இந்த வாரமே பணத்தைக் கட்டிவிடுவாய் போலிருப்பதால் இதில் டிஸ்க் விஷயம் மட்டும்.

இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி) வாங்கி ரெய்டு 1 அமைத்துவிட்டால் படங்கள் பத்திரம் என்று எழுதியிருக்கிறாய். பத்திரம் இல்லையப்பா. ரெய்டு 1 என்றால் ஒரு டிஸ்கில் எழுதுவதை அப்போதே இன்னொன்றிலும் எழுதுவது, அவ்வளவுதான். ஒன்று படுத்துவிட்டால் மற்றது வேலையை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் நீ கை தவறி ஒரு போல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் பூட்டும். பெட்டியின் பவர் சப்ளை கோளாறானால் இரண்டும் ஒன்றாகக் கருகக்கூடும். பெட்டியையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். ஒரு மணி நேரம்கூட சர்வர் நிற்கக் கூடாது என்கிற வியாபாரிக்கு ரெய்டு தேவை. நம் வீட்டுப் படங்கள் இரண்டு நாள் கிடைக்காவிட்டால் குடி முழுகிப் போகாது.

அதனால் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கு. கம்ப்யூட்டரில் இருப்பது ஒரு பிரதி, அலமாரியில் இருக்கும் டிஸ்கில் ஒன்று, வேறொரு வீட்டில் இருக்கும் டிஸ்கில் ஒன்று. பீட்டர் குரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு என்பார்களே, அதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில். 'இரண்டு வகை' என்பதில் நான் அவ்வளவு கறார் இல்லை. இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் போதும். ஒரே நாளில் ஒரே கடையில் எடுத்த ஒரே மாடல் இரண்டுக்கும் ஒரே குறை இருந்துவிடலாம். 'வெளியிடம்' என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. தண்ணீரும் தீயும் அலமாரி பார்த்து வருவதில்லை.

எவ்வளவு பெரிய டிஸ்க் என்பதற்கு முதலில் வீடியோவை எண்ணிப் பார். ஃபோனில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 மெகாபைட். இருபதாயிரம் படம் சேர்ந்தாலும் 100 ஜிபியைத் தாண்டாது. இடத்தைத் தின்பது வீடியோதான். ஐபோனில் 4கே, 30 ஃபிரேமில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. 60 ஃபிரேம் வைத்தால் 400 எம்பி, அதாவது மணிக்கு 24 ஜிபி. உன்னிடம் இருக்கும் பழைய மினிடிவி கேசட்டுகளை அப்படியே இறக்கினால் மணிக்கு 13 ஜிபி வரும். இன்றைய மொத்தத்தைக் கூட்டி இரண்டால் பெருக்கு, அந்த அளவில் வாங்கு. 4 டெராபைட் டிஸ்கைச் செருகியதும் விண்டோஸ் 3.63 என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

கையடக்கமான 2.5 அங்குல டிஸ்க் யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். வெளியூர் வீட்டுக்கு எடுத்துப்போக அதுதான் தோது. ஒரு குறை உண்டு: பல மாடல்களில் யூஎஸ்பி துவாரம் டிஸ்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். துவாரம் ஆட்டம் கண்டால் உள்ளே இருக்கும் டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட வழியில்லை. 3.5 அங்குலம் தனி அடாப்டர் கேட்கும், கனமானது, ஆனால் அதே பணத்துக்கு அதிக இடம் தரும். உள்ளே பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் போடுகிற சாதாரண சாட்டா டிஸ்க்தான் இருக்கும். அதை வீட்டிலேயே வை. சுழலும்போது தட்டவோ நகர்த்தவோ கூடாது. படுக்கவைத்தே பயன்படுத்து, நிற்கவைத்தது விழும்.

எஸ்எம்ஆர், சிஎம்ஆர் என்று ஏதோ படித்ததாக எழுதியிருந்தாயே, அது இதுதான். சிஎம்ஆர் டிஸ்கில் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏற்றி வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கிற பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ஆரம்பத்தில் வேகமாகப் போய், முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும் இடமான கேஷ் நிரம்பியதும் நத்தையாக ஊரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அப்போது பதறாதே. 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். மாதம் ஒரு முறை பேக்கப் எடுக்க இது போதும். ரெய்டுக்கு மட்டும் ஆகாது; கெட்ட டிஸ்குக்குப் பதில் புதியதைப் போட்டு நிரப்பும்போது மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுத வேண்டியிருப்பதால் திணறும். நாஸுக்கு என்றே விற்ற சில டிஸ்க்குகளில் சொல்லாமல் எஸ்எம்ஆரை வைத்திருந்தது 2020-இல் வெளியாகிப் பெரிய ரகளை ஆனது. என்றைக்காவது நாஸ் வாங்கினால் மாடல் எண்ணைப் பார்த்து, சிஎம்ஆர் என்று உறுதி செய்துகொண்டு வாங்கு.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி வேகமானது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரம் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் டிராயரில் போட்டு வைக்கிற பொருள் இல்லை. சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின்படி, எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு டேட்டாவைப் பிடித்து வைத்தால் போதும். புதியது இன்னும் தாங்கும், வெப்பம் கூடினால் குறையும். அன்றாட வேலைக்கு எஸ்எஸ்டி, பரணில் வைக்க ஹார்ட் டிஸ்க். பென் டிரைவைப் பேக்கப் என்று எண்ணவே எண்ணாதே. அடிமாட்டு விலைக்கு 2 டிபி பென் டிரைவ் என்று விளம்பரம் வந்தால் அது போலி. உள்ளே 32 ஜிபி இருக்கும், மிச்சத்துக்கு எழுதியதாகப் பாசாங்கு செய்யும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் முழுக்க எழுதித் திரும்பப் படித்துக் குட்டை உடைத்துவிடும்.

டிஸ்க் வந்ததும் படங்களைக் கொட்டிவிடாதே. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, மற்றவற்றில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திற. நான்கு வரிதான் உனக்கு வேண்டும். 5-ஆம் எண்: கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு எழுதும் கட்டங்கள்). 197: படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 198: சரி செய்யவே முடியாதவை. இந்த மூன்றிலும் 'ரா' என்று காட்டும் மூல மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். பட்டியல் பதினாறடிமான எண்ணில் (எழுத்தும் கலந்து வரும் ஹெக்ஸ்) காட்டலாம். பூஜ்யம் எப்படிக் காட்டினாலும் பூஜ்யம்தான். 199 ஏறினால் டிஸ்கைத் திட்டாதே, அது உள்ளே போகும் சாட்டா இணைப்பின் கோளாறு. பிறகு நீண்ட சுயசோதனையை ஓடவிடு. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கு. கம்ப்யூட்டர் மட்டும் தூங்கிவிடாமல் பவர் செட்டிங்கை மாற்றி வை. முடிந்ததும் பட்டியலைத் திரும்பப் பார். ஓர் எண் கூடியிருந்தாலும் மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடு.

விண்டோஸ், மேக் இரண்டிலும் செருக வேண்டுமானால் எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய். அதில் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் ஜர்னல் கிடையாது, எழுதும்போது கேபிளைப் பிடுங்கினால் போல்டர் அமைப்பே குலையலாம். ஆகவே 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து, சுழற்சி நின்ற பிறகு எடு. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் மேல். மேக் அதைப் படிக்கும், தானாக எழுதாது.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. கையடக்க டிஸ்க்குகளில் வரும் அகலத் தட்டையான மைக்ரோ-பி முனை சீக்கிரம் தளர்ந்துவிடும். டிஸ்க் நடுவில் காணாமல் போய்த் திரும்ப வந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார். யூஎஸ்பி 2.0 துவாரத்தில் செருகினால் நொடிக்கு 35 எம்பிதான் போகும், 1 டிபிக்கு எட்டு மணி நேரம், 3.0-இல் நொடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒரே சீராகத் தட்ட ஆரம்பித்தால் எதையும் ஓட்டிப் பார்க்காதே. மின்சாரத்தை உடனே நிறுத்து. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பதும் போகலாம்.

காப்பி எடுக்க இழுத்துப் போடுவதை விட்டுவிடு, பாதியில் நின்றால் எது வந்தது எது வரவில்லை என்று தெரியாது. ஃப்ரீஃபைல்சிங்க் என்ற காப்பி மென்பொருள் எளிது. லினக்ஸ், மேக்கில் ஆர்சிங்க் என்ற கட்டளை. அதில் ஒரு சாய்கோட்டில் கோட்டை விடுவார்கள்: மூல போல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டால் உள்ளிருப்பது மட்டும் போகும், போடாவிட்டால் போல்டரோடு போகும். 'டெலிட்' விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டு சாய்கோட்டில் தவறினால், போய்ச் சேரும் இடத்தில், மூலத்தில் இல்லாததெல்லாம் துடைக்கப்படலாம். விண்டோஸ் ரோபோகாப்பியின் 'மிர்' சுவிட்சும் அதே ஆபத்து. முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையான 'டிரை ரன்' ஓட்டி, எதை அழிக்கப்போகிறது என்ற பட்டியலைப் படி. நீ ஐந்து படம் நீக்கிய மாதத்தில் ஐந்நூறு வரி வந்தால் அங்கேயே நிறுத்து. ஃப்ரீஃபைல்சிங்கில் அழிப்பவற்றைத் தேதியிட்ட தனி போல்டருக்கு நகர்த்தச் சொல்லலாம். அதை வைத்துக்கொள், இடம் போனாலும் போகட்டும்.

காப்பி முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் தரும் ஷா256 என்ற கணக்கை ஒவ்வொரு ஃபைலுக்கும் போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வை, டிஸ்கிலும் ஒரு பிரதி. ஆண்டுக்கு ஒரு முறை மூன்று பிரதியையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். நீ தொடாத ஒரு படத்தின் எண் மாறியிருந்தால் அது உள்ளுக்குள் கெட்டிருக்கிறது. மற்ற பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான காப்பி மென்பொருள்கள் ஃபைலின் அளவையும் தேதியையும் மட்டுமே பார்ப்பதால் இந்த வகைக் கேடு அவற்றின் கண்ணில் படாது. கூடவே, பேக்கப் டிஸ்கை உன் மனைவியின் லேப்டாப்பில் செருகி, பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்து ஓட்டிப் பார். உன் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கிற பேக்கப்பை யாரும் பேக்கப் என்று சொல்ல மாட்டார்கள்.

வெளி வீட்டில் வைக்கும் டிஸ்கை, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் இருக்கிறது, ஹோமில் வெராகிரிப்ட் போடு. பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி டிஸ்க் இல்லாத இடத்தில் வை. பாஸ்வேர்டு மறந்து உரியவர்களே பூட்டிக்கொண்ட டிஸ்க்குகள், திருடன் கொண்டுபோனதைவிட அதிகம் இருக்கும் என்பது என் சந்தேகம்.

ஃபோனில் இரண்டு பொறி உண்டு. ஐபோனில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' இருந்தால் முழுப் படம் ஐகிளவுடில்தான் இருக்கும், ஃபோனில் சிறு பிரதிதான். கேபிள் வழியாக இறக்கினால் எல்லாம் வராது. கூகுள் ஃபோட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' என்றால் படம் சுருங்கும். 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அதற்குள் அடக்கப்படும், வீடியோ 1080க்கு இறங்கும். 2021 ஜூன் 1 முதல் அந்த ரகமும் உன் இலவச இடத்தில் கணக்காகிறது. இரண்டுமே ஒத்திசைவு வகை: ஃபோனில் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பையில் ஐகிளவுட் 30 நாள், கூகுள் 60 நாள் வைத்திருக்கும். கிளவுட் மூன்றாவது பிரதியாக நல்லது, ஆனால் கணக்குப் போட்டுச் சேர். அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட், மெகாபைட் அல்ல) என்றால் 1 டிபி ஏற நாலரை நாளுக்கு மேல். சினிமாக்களை ஏற்றாதே. வேறு எங்கும் கிடைக்காத குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், இவை மட்டும் போதும்.

பேக்பிளேஸ் என்ற கிளவுட் கம்பெனி தன் டிஸ்க்குகளின் கணக்கை 2013 முதல் வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு டிஸ்க் ஓராண்டில் படுக்கிறது. அவை குளிரூட்டிய அறையில் ஆடாமல் ஓடும் டிஸ்க்குகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டு தாண்டியதை மூன்றாம் பிரதிக்கு ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கு.

இதெல்லாம் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகும் நாஸ் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கு, டிவியில் பார்க்க வசதிதான். ராஸ்பெரி பை 4-இல் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், அதன் யூஎஸ்பி துவாரங்கள் நான்குக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். இரண்டு கையடக்க டிஸ்கைச் செருகினால் மின்சாரம் போதாமல் ஒன்று மாற்றி ஒன்று அறுந்து விழும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வேண்டும், யூபிஎஸ்ஸும் வேண்டும்.

இப்போதைக்கு ஒரு வேலை செய். படம், வீடியோ, பாட்டு, ஸ்கேன் என்று நான்கு போல்டரின் அளவையும், கம்ப்யூட்டரில் நீல நிற யூஎஸ்பி (3.0) துவாரம் எத்தனை என்பதையும் எழுதி அனுப்பு. எந்த அளவு டிஸ்க் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பணத்தைக் கட்டாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்