முதல் பிளேடு கைக்கு வந்த வாரத்தில் ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வெள்ளிக்கிழமை அம்பத்தூர் பட்டறையில் மோல்டைத் திறந்ததும் தொண்டைக்குள் பார்க்கும் கருவிக்காக நாங்கள் செய்த முதல் பிளாஸ்டிக் பிளேடு வெளியே வந்து விழுந்தது. சூடு ஆறுவதற்குள் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேமரா எட்டிப் பார்க்கும் முனையில் ஒரு கோடு இல்லை, ஒரு குமிழி இல்லை. அந்த நிமிஷம் என் கண்முன் வந்த முகங்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த பிறகும், மூச்சுத் திணறி உயிருக்குப் போராடுபவர்களுக்கும், வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டியிருக்கும். நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, குரல் நாண்களைக் கண்ணால் பார்த்துப் போட வேண்டும். அப்படிப் பார்க்க உதவுவதுதான் லாரிங்கோஸ்கோப். அதில் வாய்க்குள் போய் நாக்கை ஒதுக்கும் பகுதிதான் பிளேடு. கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப் இருந்தால் சிக்கலான தொண்டையிலும் நன்றாகப் பார்க்க முடியும். கொரோனா காலத்தில், டியூப் போடுபவரின் முகம் நோயாளியின் வாயை விட்டுத் தள்ளி இருக்கட்டும் என்று அதைத்தான் பரிந்துரைத்தார்கள். ஆனால் பெரிய கம்பெனிக் கருவிகளின் விலை லட்சங்களில் இருக்கிறது. புறநகரில் பத்துப் படுக்கை வைத்திருக்கும் ஆஸ்பத்திரி எப்படி வாங்கும்? ஒருமுறை பயன்படுத்தி எறிகிற மாதிரி, விலை குறைவாக ஒன்று செய்யலாம் என்று இறங்கினோம்.

எங்கள் முதல் மாதிரி தவறாக இருந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மயக்க மருத்துவரான டாக்டர் அம்மா. படம் நன்றாக வர வேண்டும் என்று பிளேடை ஏகத்துக்கும் வளைத்திருந்தோம். டியூட்டி முடிந்து, சாப்பிடாமல்கூட, பயிற்சி டம்மியை மேஜைமேல் படுக்க வைத்துச் சோதித்தார். செல்போன் திரையில் குரல் நாண்கள் அப்படியே பளிச்சென்று தெரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் டியூபை உள்ளே விட்டார். அது முன்பக்கம் முட்டி நின்றது. மூன்று முறை முயன்றும் அப்படியே. "தம்பி, படம் நல்லா தெரியுது. டியூப் போகலையே. நோயாளிக்கு வேண்டியது காத்துப்பா, படம் இல்ல" என்றார். அப்புறம் அலமாரியிலிருந்து ஓர் இரும்பு பிளேடை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். 1943-இல் மக்கின்டாஷ் கொண்டுவந்த வளைவு அது. இன்றைக்கும் ஆபரேஷன் தியேட்டர்களில் அதுதான் புழங்குகிறது. இந்த வளைவில் செய்தால், நடுவில் கேமரா நின்றுபோனாலும் கண்ணால் பார்த்தே டியூபைப் போட்டுவிடலாம் என்று விளக்கினார். அன்று இரவே எங்கள் வளைவைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த வளைவுக்கு மாறினோம்.

கையில் பணம் தீர்ந்து நான் சோர்ந்திருந்த ஒரு நாள், 1854-இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் ஒரு சின்னக் கண்ணாடியையும் ஒரு கைக்கண்ணாடியையும் வெயிலையும் வைத்தே தன் குரல்வளையைத் தானே பார்த்த கதையைச் சொன்னீர்கள், டாக்டர் அம்மா. அதற்கும் சேர்த்து நன்றி.

தியேட்டர் சிஸ்டர் கேட்டது ஒரே கேள்விதான். "இதை எந்தப் பையில போடறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போது கேமராவைப் பிளேடுக்குள்ளேயே ஒட்டியிருந்தோம். நோயாளியிடம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்குப் போகும், வயரும் சர்க்யூட்டும் சேர்ந்த ஒன்றை எப்படிப் போடுவது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கேமராவைக் குப்பையில் போட இருந்திருக்கிறோம்! அந்தக் கேள்வியால்தான் கேமராக் குச்சி தனி, அதை முழுதாக மூடும் பிளேடு தனி என்று பிரித்தோம். எறிவது பிளேடை மட்டும். விலை பாதிக்கும் கீழே இறங்கியது இதனால்தான்.

பிரித்ததும் புதுத் தொல்லை வந்தது. வெளிமூச்சு பட்டால் பிளேடின் முனை பனி மூடிக்கொண்டது. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், அண்ணன் கடையில் மெக்கானிக்குகள் இன்ஜினுக்குள் விட்டுப் பார்க்கும் 5.5 மில்லிமீட்டர் கேமராக்கள்தான் எங்களுக்கு வழிகாட்டின. நாலைந்து சென்டிமீட்டரில் தெளிவாகக் காட்டுவது எது என்று அண்ணன் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். பனிக்கும் அவரே வழி சொன்னார்: "எல்.இ.டி. சூட்டை ஏன் வீணாக்கறே? முனைகிட்ட கொண்டு போ." ஒரு நிமிஷம் முன்பே விளக்கைப் போட்டால் முனை வெதுவெதுப்பாகி பனி பிடிப்பதில்லை. வீட்டில் இட்லிப் பானை ஆவியில் காட்டித்தான் அதைச் சோதித்தேன். ஒரு வாரம் காலைப் பலகாரம் தாமதமானதைப் பொறுத்துக்கொண்ட என் அம்மாவுக்கும் நன்றி.

அதற்கு முன் ஒரு பட்டறையில் முன்பணம் கொடுத்து நாலு மாதம் அலைந்தோம், மோல்டு வரவில்லை. அந்த நிலையில்தான் அம்பத்தூர் ஐயாவிடம் போனோம். 3டி பிரின்டரில் எடுத்த மாதிரி, தாடையைத் தூக்கும் இடத்தில் அடுக்கு அடுக்காகப் பிளந்திருந்தது. தடிமனைக் கூட்டலாம் என்றேன். வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு என்று நாங்களே முன்பு சொன்னதை ஐயா ஞாபகப்படுத்தினார். பிறகு உடைந்த துண்டின் உட்புறத்தை விரலால் தடவி, "மூலை கூரா இருக்கு. ரேடியஸ் கொடு, தாங்கும்" என்றார். மூலையை வளைவாக உருட்டினோம், தடிமன் கூட்டவே இல்லை. தாங்குகிறது. டிராயிங் மாற்றித் தந்ததற்கு நீங்கள் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை, ஐயா. அதை நான் மறக்கவில்லை.

இதுவரை எல்லாம் டம்மியில்தான். நோயாளிக்குப் பயன்படுத்தும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமமும் வாங்க வேண்டும். அந்த வேலை இந்த மாதம் தொடங்குகிறது.

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளேடு அனுப்புகிறோம். வளைத்துப் பாருங்கள், உடைத்துப் பாருங்கள், உடைந்தால் எங்கே என்று சொல்லுங்கள். சிஸ்டர், கையுறை போட்ட கையால் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை என்று பிற்பாடு ஒருநாள் சொன்னீர்களே, ஓரத்தில் இப்போது பிடித்து இழுக்க ஒரு காது வைத்திருக்கிறோம். கையுறையோடே பிரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
கிண்டியிலிருந்து உங்கள் தம்பி