பயஸ் அளக்காமல் அம்ப்ளிஃபயரை மூடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக நகரங்களில் வாகன அம்ப்ளிஃபயர் திருத்தும் சில கடைகளில், எரிந்த வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை மாற்றி, பாட்டுக் கேட்டவுடனேயே பயஸை (பாட்டு இல்லாதபோதும் அந்த டிரான்சிஸ்டர்களில் ஓடவிடும் சிறு மின்னோட்டத்தை) அளக்காமல் பெட்டியை மூடிக் கொடுத்துவிடும் வழக்கம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

புதிய டிரான்சிஸ்டர்கள் பழையவற்றைப் போலவே நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. பயஸ் குறைந்தால் மெல்லிய ஒலியில் கரகரப்புத் தெரியும். மிகுந்தால் பாட்டே இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் கொதிக்கும். ஸ்பீக்கரையும் சிக்னலையும் கழற்றி, பயஸ் திருகியை மிகக் குறைந்த மின்னோட்ட நிலையில் வைத்து, வெளியீட்டு டிரான்சிஸ்டரின் எமிட்டர் முனையோடு இணைந்த மின்தடையின் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட்டை அளந்தவாறே மெதுவாகக் கூட்ட வேண்டும். 0.22 ஓம் மின்தடையில் 5.5 மில்லிவோல்ட் காட்டினால் அதனூடாக 25 மில்லியம்பியர் ஓடுகிறது. தேவையான அளவை அந்தந்த மாதிரியின் சேவைக் கையேட்டில் பார்த்துக்கொள்வதே முறை.

நம் குளிருக்கு இன்னொரு கவனமும் வேண்டும். டிரான்சிஸ்டர் ஓடத் தேவையான பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம், வெப்பம் ஏறும் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைவதால், சூட்டை உணர்ந்து பயஸைச் சரிசெய்யும் பயஸ் டிரான்சிஸ்டர் ஹீட்சிங்கில் இறுக்கமாகப் பொருந்தாவிட்டால், நுவரெலியாவின் காலைக் குளிரில் சரியாக வைத்த அளவு, கொழும்பு வெயிலில் நிற்கும் வான் வாகனத்தின் பின்பெட்டிக்குள் கட்டுமீறி ஏறி, புதிய டிரான்சிஸ்டர்களையும் எரித்துவிடக்கூடும். ஆகவே கால் மணி நேரமாவது சூடேறவிட்டு மீண்டும் அளந்து, அந்த அளவைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு திருத்துநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஹட்டன் வாசகர் ஒருவர்