அந்த எஃகு டப்பாவுக்கும் வயதாகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் மோதும்போது விரிந்து ஆளைக் காக்கும் காற்றுப்பையான ஏர்பேக் பற்றிச் சென்ற இதழில், கார்களின் பாதுகாப்புக் கட்டுரையில் வந்ததைப் படித்தேன். சென்சார், பையின் துணி, அது மடித்து வைக்கப்படும் விதம் என்று பலவற்றையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பையை ஊதுவது எது என்பதை மட்டும் 'வாயு அமைப்பு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். பல ஆண்டுகளாக வாகனவியல் பாடம் நடத்துகிறவன் நான். எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. ஏர்பேக் வரலாற்றின் மிகப் பெரிய துயரம் நடந்ததே அந்த இரண்டு சொல்லுக்குள்தான்.

அதன் பெயர் இன்ஃப்ளேட்டர். ஏற்கெனவே வெடித்து முடிந்த ஓட்டுநர் பக்க இன்ஃப்ளேட்டர் ஒன்றைக் குறுக்கே அறுத்து வகுப்பில் வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான எஃகு டப்பா. கையில் வாங்குகிறவர்கள் முதலில் அதன் கனத்தைப் பார்த்துத்தான் வியப்பார்கள். நடுவில் இரண்டு ஊசிகளோடு ஒரு சின்னப் பொறிமூட்டி, ஸ்குவிப் என்போம். அதைச் சுற்றி, எரிபொருள் மாத்திரைகள் இருந்த வளைய அறை. அதற்கும் வெளியே எஃகுக் கம்பியால் நெய்த சல்லடை, இப்போது கரி பிடித்துக் கிடக்கிறது. வெளிச் சுவரில் வரிசையாகத் துளைகள். துளைகளின் உள்பக்கம் உற்றுப் பார்த்தால் கிழிந்த உலோகத் தாளின் ஓரம் தெரியும். அந்த மெல்லிய தாள்தான் அத்தனை காலமும் வெளிக்காற்றின் ஈரத்தை உள்ளே விடாமல் காத்தது.

மோதல் நடந்ததும் ஸ்குவிப் பற்றும், மாத்திரைகள் எரியும், வாயு சல்லடை வழியாக வந்து தாளைக் கிழித்துக்கொண்டு பைக்குள் பாயும். எல்லாம் சுமார் 30 மில்லிசெகண்டுக்குள். கண் இமைக்கும் நேரம் என்போம். இமைக்கவே அதைப்போல் சில மடங்கு நேரம் ஆகும். இந்த வேகம்தான் ஆரம்பத்தில் பெரிய தடையாக இருந்தது. 1953இல் அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக் காற்றுப்பைக்குக் காப்புரிமை பெற்றபோது அழுத்திய காற்றைத்தான் நம்பியிருந்தார். அது போதிய வேகம் தரவில்லை. எரிந்து வாயு தரும் ரசாயனம் வந்த பிறகுதான் ஏர்பேக் நடைமுறைக்கு வந்தது.

அந்த ரசாயனம் எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதலில் சோடியம் அசைடு. எரிந்தால் நைட்ரஜன் தரும். ஆனால் எரியாத நிலையில் கொடிய நஞ்சு. 1990களில் அதைக் கைவிடத் தொடங்கினார்கள். பலரும் குவானிடின் நைட்ரேட் பக்கம் போனார்கள். அது நிதானமானது, ஆனால் எரிந்த பிறகு திடக்கழிவு மிஞ்சும். அதைப் பிடிக்க நல்ல சல்லடை வேண்டும், டப்பாவும் கொஞ்சம் பெரிதாகும்.

ஏர்பேக் தயாரித்த ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டை எடுத்தது. விலை குறைவு, எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயு, டப்பாவையும் சிறிதாக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த உப்புக்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, ஈரத்தை இழுக்கும். இன்னொன்று, சுமார் 32 டிகிரி செல்சியஸில் அதன் படிக அமைப்பு மாறும், கூடவே கன அளவும் மாறும். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த வெப்பநிலை ஒரே நாளில் ஏறி இறங்கிவிடும். பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்துப் படிக மாற்றத்தை அடக்கினார்கள். ஈரத்தை அடக்க முடியவில்லை.

புதிய டப்பாவில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வர, உள்ளே நுழைந்த ஈரம் எரிபொருளுக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. கெட்டியாக அழுத்திச் செய்த வில்லைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. அப்புறம் நடப்பது அடுப்பு மூட்டிய எவருக்கும் புரியும். முழுக்கட்டை நின்று எரியும். அதையே சிறாய்களாகப் பிளந்துபோட்டால் குப்பென்று பிடிக்கும். துளை விழுந்த வில்லையில் தீ மேற்பரப்போடு நிற்காமல் உள்ளேயும் புகுந்துவிடுகிறது. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். வாயு வெளியேறத் துளைகள் போதாமல் எஃகுச் சுவரே உடைந்து சிதறுகிறது. உயிர் பிழைத்திருக்க வேண்டிய சின்ன மோதலில் கழுத்திலும் முகத்திலும் உலோகத் துண்டு பாய்ந்து மக்கள் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல். மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா கார்களிலிருந்து கழற்றியவற்றைச் சோதித்தபோது உடையும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருந்ததாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2016இல் அறிவித்தது. சோதனை விவரங்களைத் திரித்ததாக டக்காட்டா 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்டது; அபராதமும் இழப்பீடுமாக 100 கோடி டாலர்; அதே ஆண்டு ஜூனில் திவால்.

இதைப் பேராசையின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பொய் சொன்னதை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு என்று நினைக்கிறேன். இன்ஃப்ளேட்டர் ஒரு விசித்திரமான பொருள். பிரேக்கை நாம் தினமும் மிதிக்கிறோம். தேய்ந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இன்ஃப்ளேட்டர் பதினைந்து, இருபது ஆண்டுகள் சும்மா கிடக்கிறது. வேலை செய்வது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதற்கு முன்னால் அதை இயக்கிப் பார்க்க வழியே இல்லை, பார்த்துவிட்டால் அது தீர்ந்துபோகும். டேஷ்போர்டில் எரியும் ஏர்பேக் விளக்கு மின்சுற்றைத்தான் சோதிக்கிறது. உள்ளே எரிபொருள் என்ன நிலையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இதைப் பலர் அறியாமல், விளக்கு அணைந்தால் எல்லாம் சரி என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

எதிர்காலத்தை யோசித்துச் செய்யத் தெரியாதவர்கள் அல்ல இந்தத் துறையினர். ஒரு உதாரணம். கார் தீப்பிடித்தால் டப்பாவின் உலோகம் சூட்டில் பலமிழக்கும். அந்த நேரத்தில் எரிபொருள் பற்றினால் டப்பா குண்டாகிவிடும். அதனால் உலோகம் பலமிழப்பதற்கு முன்பே, குறைந்த சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு சிறு பொருளை உள்ளே வைக்கிறார்கள். டப்பா உறுதியாக இருக்கும்போதே எல்லாம் ஒழுங்காக எரிந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறை இதை விளக்கும்போதும் அந்த யோசனையைச் செய்தவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. தீயை முன்கூட்டி நினைத்தவர்கள் முதுமையையும் அதே கவனத்தோடு நினைத்திருக்க வேண்டும்.

ஈரம் உறிஞ்சும் பொருளை உள்ளே சேர்த்த பிந்தைய டக்காட்டா இன்ஃப்ளேட்டர்களில் பெரும்பாலானவற்றை இப்போதைக்குத் திரும்பப் பெற வேண்டியதில்லை, ஆனால் கண்காணிப்பு தொடரும் என்று 2020இல் அதே அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் சொன்னது. அந்தக் கண்காணிப்பு எல்லா நிறுவனத் தயாரிப்புக்கும், எல்லா நாட்டிலும் வழக்கமாக வேண்டும் என்பதே என் கோரிக்கை. பழைய கார்களிலிருந்து ஆண்டுதோறும் சில இன்ஃப்ளேட்டர்களைக் கழற்றி, அழுத்தம் அளந்து, வெட்டிப் பார்த்து, முடிவை வெளியிட வேண்டும். அடுப்பில் வைத்துச் செயற்கையாக முதுமையாக்கும் ஆய்வகச் சோதனை உண்மையான இருபது ஆண்டுக்கு ஈடாகாது. அடுத்து, வாழ்நாள். 1990களில் சில கார்களில் ஏர்பேக்கை எந்த ஆண்டு மாற்ற வேண்டும் என்று ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள். பிறகு அந்த வழக்கம் மறைந்துவிட்டது. எந்த எரிபொருள், ஈரம் உறிஞ்சி உண்டா, எத்தனை ஆண்டுக்குச் சோதித்தார்கள் என்ற மூன்று விவரமும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். உணவுப் பொட்டலத்தில் இவ்வளவாவது எழுதுகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் ஏர்பேக்கை எடுத்துவிட நினைக்கக் கூடாது. 1987 முதல் 2017 வரை அமெரிக்காவில் முன்பக்க ஏர்பேக்குகள் காப்பாற்றிய உயிர்கள் 50,000க்கும் மேல். உங்கள் கார் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். விபத்துக்குப் பிறகு மாற்றும்போது எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மலிவான இன்ஃப்ளேட்டரைப் பொருத்த விடாதீர்கள். அப்படிப்பட்ட தரமற்ற மாற்று இன்ஃப்ளேட்டர்கள் உடைந்து உயிர் போனதாக 2024இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்திருக்கிறது.

இன்ஃப்ளேட்டரைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவருக்கு உதவுமானால், அறுத்து வைத்திருக்கும் டப்பாவின் படங்களை அனுப்பிவைக்கிறேன். துளை ஓரத்தில் கிழிந்திருக்கும் அந்தத் தாள் படத்தில் நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
வாகனவியல் ஆசிரியர் ஒருவர்